பிரிக்காத பொட்டலம்

செருப்பை அந்தப் பக்கமாக் கழட்டிப் போட்டுட்டு வாங்க தம்பி. இப்படி நெழல்ல உக்காருங்க. சாமிகிட்டப் பூவாக்குக் கேக்கறது வெள்ளிக்கெழமையும் செவ்வாக்கெழமையுந்தான், இன்னைக்கு வியாழன். ஆனா அத்தனை தூரத்துல இருந்து பஸ்ஸு மாறி வந்திருக்கீங்க, தாட்டிவிட மனசு வரலை. முந்தியெல்லாம் வெள்ளிக்கெழமைன்னா இந்த வேப்பமரத்துல இருந்து தார்ரோடு வரைக்கும் வண்டி நிக்குமுங்க. இப்பப் பாருங்க, நாய்கூட இந்த நெழல்ல படுக்க மாட்டேங்குது. அதை அப்பறம் சொல்றேன்.

என்னமோ கேக்கோணும்னு சொன்னீங்களே? போன்ல காசு வெச்சுச் சீட்டாடறதை நம்பலாமா, நம்பப்படாதான்னு. உங்களுக்கில்லை, உங்க சிநேகிதருக்கு. சரிங்க. போன வாரமும் ஒருத்தரு சிநேகிதருக்குன்னு மூலத்துக்கு வாக்குக் கேக்க வந்தாரு. பாவம், உக்கார முடியாம நின்னுட்டே கேட்டுட்டுப் போனாரு. உங்க சட்டைப் பையில டிங்கு டிங்குன்னு அடிச்சிட்டே இருக்குதே, அதும் சிநேகிதரோட போன்தானுங்களா? இருக்கட்டும், இருக்கட்டும். இந்தக் கருப்பணசாமிக்கு முன்னால எல்லாருமே சிநேகிதருக்காகத்தான் வர்றாங்க.

ஆனா ஒண்ணு, சரியான எடத்துக்கு வந்திருக்கீங்க. அந்த வெளையாட்டைப் பத்தி இந்தச் சுத்துவட்டாரத்துல என்னையாட்டம் தெரிஞ்ச பூசாரி கெடையாது. நான் ஒரு தடவைகூட ஆடுனதில்லீங்க. எம்பட மாப்ளை ஆடுனாரு. எனக்கும் சேத்து ஆடுனாரு, உங்களுக்கும் சேத்து ஆடுனாரு.

மாப்ளை பேரு லோகநாதன். எனக்கு மைதிலின்னு ஒரே புள்ளை, பொண்டாட்டி போனப்பறம் நானே வளத்தது. அவளைக் கட்டுனவரு. வெள்ளகோயில் பக்கம் தறிப்பட்டறை, சொந்தமா நாலு விசைத்தறி. பி.எஸ்சி கணக்குப் படிச்சவரு. பீடி இல்லை, தண்ணி இல்லை, மாமா மாமான்னு மூச்சுக்கு மூச்சு மரியாதை. இப்படியொரு மாப்ளையை இந்தப் பூசாரி எங்க இருந்துடா புடிச்சான்னு எங்க சொந்தத்துல பாதிப் பேருக்கு வயித்தெரிச்சல். இப்ப அவங்கெல்லாம் நல்லா இருக்கறாங்க, வயிறு சரியாயிருச்சு.

கிரிக்கெட்டு மேட்ச்சுலதான் ஆரம்பிச்சுது. நடுவுல நடுவுல வெளம்பரம் போடறானில்லீங்க. ஒருத்தன் மொட்டை மாடியில கால் மேல கால் போட்டுட்டு போனைத் தேய்ப்பான், காரு வந்து நிக்கும். கடைசீல ஒரு ஆளு, கடன்காரனைக் கண்டவனாட்டம் ஒரே ஓட்டமாச் சொல்லுவான், இது பழக்கமாயிரும், காசு போயிரும், பொறுப்போட ஆடுங்கன்னு. ஏனுங்க, நம்ம நல்லதுக்குன்னு ஒருத்தன் சொல்றதா இருந்தா அப்படியா சொல்லுவான்? நானெல்லாம் ஒரு வாக்குச் சொன்னா, காது கேக்காத கெழவிக்கும் புரியற மாதிரி நிறுத்திச் சொல்லுவேன்.

சேந்த உடனே அவங்களே காசு போட்டு ஆடச் சொன்னாங்களாம். போனசாம். மொத வாரம் பூரா மாப்ளைக்குத்தான் செயம். ராத்திரி எனக்கு போன் பண்ணி, மாமா, தறி ஒரு வாரம் ஓடிச் சம்பாரிக்கறதை உக்காந்த எடத்துல சம்பாரிச்சுட்டேன்னாரு. புதுசா வர்ற ஆளைச் செயிக்க உட்டு உள்ள இழுத்துப் போடறது எவ்வளவு பெரிய அயோக்கியத்தனம், நீங்களே சொல்லுங்க. இங்கயும் மொத தடவை வர்றவங்களுக்கு முடிஞ்ச வரைக்கும் நல்ல வாக்கு வர்ற மாதிரி நான் பாத்துக்குவேன், இல்லைங்கலை. ஆனா அது வேற. அவங்க தூரத்துல இருந்து வர்றாங்க, மனசு நொந்து வர்றாங்க. வந்தவங்க மறுபடி வரோணுமில்லீங்க.

நம்ம மொறை உங்களுக்குத் தெரியுமுங்களா? தெரியாது போலிருக்குது. ஒரு பூவரச எலையில வெள்ளை அரளி, இன்னொரு எலையில செவப்பு அரளி. ரெண்டையும் மடிச்சு, வாழைநாருல கட்டி, சாமி காலடியில வெக்கோணும். வெள்ளைன்னா சாமி சரிங்குது, செவப்புன்னா வேண்டாங்குது. கேக்கற ஆளு எடுக்கப்படாது, அந்த விசயத்துல ஒட்டும் ஒறவும் இல்லாத ஒரு ஆளுதான் எடுக்கோணும். எடுத்ததைப் பிரிப்போம். எடுக்காததை அப்படியே கொண்டுபோயி அந்தக் கெணத்துல போட்டுருவோம். அதை ஆரும் பிரிக்கப்படாது. அது சாமி சொல்லாம உட்டது. எங்கப்பன் காலத்துல இருந்து ஒரு மனுசன் கேட்டதில்லைங்க, அதுக்குள்ள என்ன இருந்துச்சுன்னு.

அதைத்தான் நம்பிக்கைங்கறது. நான் மாப்ளைகிட்டயும் அதைத்தான் சொன்னேன். மாப்ளை, நம்பறதுன்னா ஒரு மூஞ்சி வேணுமில்லீங்களா, உங்க வெளையாட்டுல சீட்டுப் போடறது ஆருன்னு கேட்டேன். கம்ப்யூட்டருங் மாமான்னாரு. அது ஆரோடதுன்னேன். கம்பெனியோடதுன்னாரு. எதுத்தாப்புல ஆடறவன் ஆருன்னேன். ஆருன்னு தெரியாதுங்க, பேரு மட்டும் போட்டிருக்கும், ராஜா செவன் செவன் செவன்னு. செயிக்கற ஒவ்வொரு ஆட்டத்துலயும் கம்பெனி ஒரு பங்கு எடுத்துக்குமாம். ஆரு தோத்தா என்ன, அவனுக்கு வரும்படி நிக்காது. தட்டுல விழறதை நானும் எடுத்துக்கறேன், அது சாமி காரியம். இது என்ன காரியம்?

சரி, ஏமாத்தலைங்கறதுக்கு என்ன சாட்சின்னேன். சர்ட்டிபிகேட்டு இருக்குதுங் மாமான்னு போன்லயே காட்டுனாரு. வட்டமா ஒரு முத்திரை. குடுத்தது ஆருன்னு கேட்டா, கம்பெனியே காசு குடுத்து இன்னொரு கம்பெனியை வெச்சுப் பரிசோதிச்சு வாங்குனதாம். எம்பட தயிரு புளிக்கலைன்னு நானே போர்டு எழுதி மாட்டறதுக்கு முத்திரை ஒரு கேடு. செயிச்ச காசைக் கேட்டா ஆதார் குடுங்கறான், பேன் கார்டு குடுங்கறான், மூஞ்சியைப் போட்டோ புடிச்சு அனுப்புங்கறான், மூஞ்சி சரியில்லை மறுபடி புடிங்கறான். காசு கட்டறப்ப மட்டும் எந்த மூஞ்சியா இருந்தாலும் சம்மதமாம்.

இத்தனையும் சொன்னா மாப்ளை சிரிப்பாரு. மாமா, உங்க பூவாக்குதான் அதிர்ஷ்டம், நான் ஆடற இந்தப் போக்கர் சீட்டு மூளைம்பாரு. எதிராளியைப் படிக்கோணுமாம். கை நல்லா இருந்தா ஒரு மாதிரி மூச்சு உடுவானாம், பொய் சொல்றவன் வேற மாதிரி அவசரப்படுவானாம். மூஞ்சியே தெரியாத எடத்துல எதைப் படிப்பீங்கன்னு கேட்டேன். எத்தனை நேரம் யோசிக்கறான், எப்ப சட்டுன்னு காசு வெக்கறான்னு பாத்தே கண்டுபுடிச்சிருவேனுங் மாமான்னாரு. கண்டுபுடிச்ச லட்சணம், தைப்பொங்கலுக்கு ஒரு தறி போச்சு. கேட்டா, பழைய தறி, ரிப்பேரு செலவு சாஸ்தின்னாரு. சித்திரையில இன்னொண்ணு போச்சு. அது பழசில்லை. அதுக்கு என்னமோ கரண்டுக் கணக்கு ஒண்ணு சொன்னாரு, பி.எஸ்சி படிச்ச கணக்கு, நமக்கு வெளங்கலை.

நான் ஒருக்காப் போயிருந்தேன். தறி ரெண்டு நின்னு கெடக்குது, நூல் அந்து போயி. மாப்ளை மூலையில ஸ்டூலைப் போட்டுட்டு உக்காந்திருக்காரு, தலை குனிஞ்சு, ரெண்டு கட்டை வெரலும் வேலை செய்யுது. மாமா வாங்கன்னு சொன்னாரு, நிமுந்து பாக்கலை. மைதிலிதான் அடுப்புக்கும் பட்டறைக்குமா ஓடி ஓடி நூலை முடிஞ்சு போட்டுட்டு இருந்தா. எம்புள்ளை கை நல்ல கையுங்க, ஊசி புடிக்கற கை. அதுல பூரா நூலறுத்த கோடு.

ஆடி நோம்பி முடிஞ்ச வாரம் அவ இங்க வந்தா. இதா, நீங்க உக்காந்திருக்கற எடத்துலதான் உக்காந்தா. சாப்புடு கண்ணுன்னேன், வேண்டாம்னுட்டா. அழுவலை. அழுதிருந்தா நான் ரெண்டு வார்த்தை சொல்லித் தேத்தியிருப்பேன். நான் சொன்னா அவரு கேக்கமாட்டேங்கறாருப்பான்னா. ஆனா பூவாக்குக் கேட்டு சாமி என்ன சொல்லுதோ அதுக்குக் கட்டுப்படறேன்னு ஒத்துக்கிட்டாராம். வெள்ளை வந்தா இவ இனிமே வாயைத் தொறக்கப்படாது. செவப்பு வந்தா அந்த வெளையாட்டை போன்ல இருந்து அழிச்சுப்போட்டு, போனையே இவ கையில குடுத்துருவாராம். பாதிக்குப் பாதி வாய்ப்பு, எம்பட கம்பெனிகூட இத்தனை தர்றதில்லைன்னு சிரிச்சாராம்.

"எனக்குப் பயமா இருக்குதுங்ப்பா. வெள்ளை வந்துட்டா மிச்சம் ரெண்டு தறியும் போயிரும்"னா.

"வராது, போ."

"எப்படிங்ப்பா வராதுங்கறீங்க?"

"அப்பன் நான் இருக்கறேன். வராதுன்னா வராது."

அவ எம்பட மூஞ்சியவே பாத்துட்டு இருந்தா. புள்ளை வெசனத்துல இருக்குது, அப்பன் சொன்னது ஆறுதலா இருக்குதாட்டம்னு நெனைச்சுட்டேன்.

இப்ப நீங்களும் அப்படித்தான் பாக்கறீங்க. சொல்றேன் கேளுங்க. சாமி நேருல வந்து பொட்டலம் கட்டாதுங்க. மனுசன்தான் கட்டோணும். கட்டறவனுக்குக் கண்ணும் காதும் இருக்குது. நெஞ்சுவலின்னு கெடக்கற மனுசனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போலாமான்னு ஒரு பொம்பளை வந்து கேக்கறா, அவளுக்குச் செவப்பு வந்து தொலைச்சா என்ன பண்றது? அதுக்காக ரெண்டு எலையிலயும் வெள்ளையையே வெச்சுக் கட்டிப்போடுவேன். ஆளு பொழைச்சு வந்து கெடா வெட்டுனான். தப்புங்களா? இன்னொருத்தரு, பெரிய எடம், மக படிக்கப் போன ஊருல ஒரு பையனைப் பாத்துட்டா. மொத நாளே வந்து காதோட சொல்லிட்டுப் போனாரு. ரெண்டுலயும் செவப்பு. சாமியே வேண்டாங்குதுன்னு அந்தப் புள்ளையும் தலையைக் குனிஞ்சுட்டுப் போயிருச்சு, ஒரு சத்தம் இல்லை, ஒரு வெட்டுக்குத்து இல்லை. ஊருக்கே நல்லது. நான் வாயைத் தொறந்து ஒரு காசு கேட்டதில்லீங்க, தட்டுல அவங்களாப் போட்டது.

கம்பெனிக்காரன் உள்ள உக்காந்து எந்தச் சீட்டு விழோணும்னு முன்னாடியே முடிவு பண்ணி வெக்கறான்னு எல்லாரும் சொல்றாங்க. நெசமோ பொய்யோ, அப்படிப் பண்ணுனான்னா அவனெல்லாம் வெளங்குவானுங்களா? அவன் அவனோட லாபத்துக்குப் பண்றான். நான் மத்தவங்க நல்லதுக்குப் பண்றேன். இதைக்கூடப் பிரிச்சுப் பாக்கத் தெரியாத சனமாயிருச்சு.

அந்த வெள்ளிக்கெழமை நல்ல கூட்டம். மாப்ளை குளிச்சு, திருநீறு பூசி, வெள்ளை வேட்டி கட்டி வந்தாரு. மைதிலி அந்தத் தூண்கிட்ட நின்னுட்டா. நான் காத்தாலயே ரெண்டு பொட்டலத்தையும் கட்டி வெச்சுட்டேன், ரெண்டுலயும் நல்ல செக்கச்செவேல்னு அரளி. தாராபுரத்துல இருந்து ஒரு பெரியம்மா, காணாமப் போன எருமைக்கு வாக்குக் கேக்க வந்திருந்துச்சு. அந்த அம்மாவையே எடுக்கச் சொன்னேன். எடுத்துச்சு. பிரிச்சேன். செவப்பு. கூட்டமே கன்னத்துல போட்டுக்கிச்சு.

மாப்ளை ஒண்ணும் முகம் சுளிக்கலைங்க. சரீங் மாமா, சொன்னது சொன்னதுதான்னு போனை எடுத்தாரு. அந்த வெளையாட்டோட படத்தை வெரல்ல அழுத்திப் புடிச்சாரு. அழுத்திப் புடிச்சா அது நடுங்குதுங்க, பாத்திருப்பீங்க, உங்களுக்கும் தெரியாமயா இருக்கும். நடுங்கிட்டே இருந்துச்சு. இன்னொரு தட்டு தட்டுனா அழிஞ்சிருக்கும். மைதிலி தூணை உட்டுட்டு ரெண்டு எட்டு முன்னால வந்தா. எத்தனையோ மாசத்துக்கப்பறம் எம்புள்ளை மூஞ்சியில அன்னைக்குத்தான் வெளிச்சத்தைப் பாத்தேன்.

நான் மத்த பொட்டலத்தை எடுத்துட்டுக் கெணத்துப் பக்கம் திரும்புனேன். சந்தோசத்துல கொஞ்சம் வெரசாத் திரும்பிட்டேனாட்டம் இருக்குது.

"மாமா, இருங்க. அதையும் பாத்துட்டுப் போட்டரலாம்"னாரு.

மாப்ளை, அது மொறையில்லைங்கன்னேன். சாமி சொல்லாம உட்டதை மனுசன் பாக்கப்படாதுன்னேன். அவரு கோபமாப் பேசுனா நானும் கோபப்பட்டிருப்பேன். சின்னப் புள்ளைக்குச் சொல்றாப்புல சொன்னாரு.

"எத்தனையோ வெள்ளிக்கெழமை பாத்திருக்கறேனுங் மாமா. எப்பவும் நடந்துதான் போயி போடுவீங்க. இன்னைக்கு ஓடறீங்க."

எம்பட கையில இருந்து வாங்கி, அவரே பிரிச்சாரு.

அதுலயும் செவப்பு. பிரிச்ச எலையைக் கூட்டத்துப் பக்கம் ஒருக்காத் திருப்பிக் காட்டுனாரு. அப்பறம் எங்கிட்டக் காட்டுனாரு, என்னமோ நான் பாக்காதது மாதிரி.

"தோத்துட்டுப் போறதுல எனக்கொண்ணுமில்லீங் மாமா, தெனமும் தோக்கற ஆளுதான். ஆனா எத்தனை தடவை எடுத்தாலும் வெள்ளை வராத ஆட்டத்துல என்னைய உக்கார வெச்சுட்டீங்களே. அவனாவது ஒரு சர்ட்டிபிகேட்டு வெச்சிருக்கறான்."

போனைப் பையில போட்டுட்டாரு. இத்தனைக்கும் அவரு நல்லதுக்குத்தான் செஞ்சேன். பெத்த புள்ளைக்காகச் செஞ்சேன். ஒரு பொய்யை நம்பிட்டுப் போயிருந்தா ரெண்டு தறி மிஞ்சியிருக்கும், ஒரு குடும்பம் மிஞ்சியிருக்கும். உண்மையைக் கண்டுபுடிச்சு என்னத்தைக் கிழிச்சான்? மாப்ளைன்னு மரியாதையாத்தான் பேசோணும், தெரியுது, வாய் வர மாட்டேங்குதுங்க. இந்த ஒரு தடவைதான் அவன் எதிராளியைச் சரியாப் படிச்சான். அதையும் போயி எங்கிட்டயே காட்டுனான்.

அப்பறம் கூட்டம். போர்க் கெணறு போடலாம்னு வெள்ளைப்பூ வாங்கிட்டுப் போயி தண்ணிக்குப் பதிலாப் பொகையைப் பாத்த ஆளு ஒருத்தரு, எங்கெணத்துக் காசைக் கீழ வைய்யின்னு நின்னாரு. தம்பிக்குச் சொத்துல பங்கு குடுக்க வேண்டாம்னு செவப்பு வாங்குன அண்ணனைத் தேடி அந்தத் தம்பி பைக்கை எடுத்துட்டுப் போனான். நான் நெசமாவே ஒண்ணு வெள்ளை ஒண்ணு செவப்பு வெச்சுக் கட்டுன வாக்குத்தான் நெறைய இருக்கும், அதை ஒருத்தனும் நம்பலை. அந்தப் பெரியம்மா மட்டும், எருமை விசயம் என்னாச்சுங்கன்னு கடைசி வரைக்கும் உக்காந்திருந்துச்சு. எந்தெசையிலயாவது போயித் தேடுங்கன்னு சொல்லிட்டேன். எருமை கெடைச்சிருச்சாமா.

எல்லாரும் போனப்பறம் மைதிலி மட்டும் நின்னா. கீழ கெடந்த ரெண்டு எலையையும் பொறுக்கி, பூவை ஒண்ணாச் சேத்து சாமி காலடியில வெச்சா. புருசனைத் திட்டப் போறா, இல்லைன்னா என்னையத் திட்டப் போறான்னு பாத்தேன். ரெண்டும் இல்லை.

"அப்பா, எங் கல்யாணத்துக்குப் பூவாக்குக் கேட்டமில்ல. அன்னைக்குக் கெணத்துல போட்டீங்களே, அந்தப் பொட்டலத்துல என்னங்ப்பா இருந்துச்சு?"

பாருங்க, கேக்கற கேள்வியா இது? அது எப்பவோ முடிஞ்ச கதை. அவளுக்குக் கோயமுத்தூருல நர்சுக் காலேசுல எடம் கெடைச்சிருந்துச்சு. போறேன்னு ஒத்தைக் கால்ல நின்னா. அந்த நேரம் பாத்து நாலு தறி வெச்சிருக்கற இந்த மாப்ளை பொண்ணு கேட்டு வர்றாரு. பூசாரி வூட்டுக்கு அப்படியொரு எடம் ரெண்டாவது தடவை வருமுங்களா? நான் அதட்டலை, அடிக்கலை. சாமிகிட்டக் கேட்டுப் பாக்கலாம் கண்ணு, சாமி வேண்டாம்னா நீ காலேசுக்குப் போன்னு சொன்னேன். அவளும் சரின்னா. சாமின்னா அவளுக்கு அத்தனை நம்பிக்கை, நான் வளத்த புள்ளை. வெள்ளை வந்துச்சு. வராம எங்க போகும், வரோணும்னுதானே கட்டுனது. புஸ்தகத்தையெல்லாம் தூக்கிப் பக்கத்து வூட்டுப் புள்ளைக்குக் குடுத்துட்டு வந்து, ஜவுளி எப்ப எடுக்கப் போறோம்னு கேட்டா.

பொழுது போகுது, வூட்டுக்குப் போ கண்ணுன்னேன். போயிட்டா.

மிச்சக் கதையை நீங்களே ஊகிச்சிருப்பீங்க. மூணாவது தறியும் போச்சு, நாலாவதும் போச்சு. அதுக்கப்பறம் மாப்ளை அந்த வெளையாட்டை உட்டுட்டாருங்க. சாமியும் தேவைப்படலை, பூவும் தேவைப்படலை. வெக்கறதுக்கு ஒண்ணும் இல்லைன்னா கம்பெனிக்காரனே நல்ல மரியாதையா வெளிய உட்டுருவான் போல. இப்ப இன்னொருத்தரு பட்டறையில கூலிக்குத் தறி ஓட்டறாரு. மைதிலி திருப்பூரு பனியன் கம்பெனியில துணியைப் பாத்துப் பிரிச்சுப் போடற வேலைக்குப் போறா. எம்பட போனை எடுக்கறதில்லை.

இந்தப் பொங்கலுக்குச் சீரு கொண்டு போனேன். வெல்லம், பச்சரிசி, கரும்பு, ஒரு சேலை. கதவைத் தொறந்தா. வாங்கப்பான்னா, தண்ணி குடுத்தா. சீரை மட்டும் கையில வாங்கலை. "அன்னைக்குக் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்கப்பா, வாங்கிக்கறேன்"னா. சீரைத் திரும்பப் பைக்குள்ள எடுத்து வெச்சேன். அப்பறம் கரும்போட திரும்பி வந்தேன். பஸ்ஸுல மடியில சீரை வெச்சுட்டு அழுதேனுங்க, உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன. கண்டக்டரு, ஏனுங்க பெரியவரே, ஒறம்பறை வூட்டுல ஆளில்லையான்னு கேட்டான்.

செவப்புன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். அந்தப் பொட்டலத்துல செவப்புத்தான் கண்ணு இருந்துச்சு, சாமியாத்தான் உனக்கு வெள்ளையை எடுத்துக் குடுத்துச்சுன்னு. கெணத்துக்குள்ள எறங்கியா பாக்கப் போறா? வாயி வரலைங்க. ஊருக்கெல்லாம் வாயி வந்துச்சு, அவகிட்ட மட்டும் பொய் வர மாட்டேங்குது. உண்மையைச் சொல்லலாம்னா, அதுக்கப்பறம் அப்பான்னு கூப்புடுவாளா மாட்டாளா? அது தெரியோணுமில்லீங்க.

அதனால, சிரிக்காதீங்க, நானே சாமிகிட்டக் கேக்கலாம்னு பூ வெச்சிருக்கறேன். அங்க பாருங்க, காலடியில. உண்மையைச் சொல்லிரலாமான்னு. வெள்ளைன்னா நாளைக்கே திருப்பூருக்கு பஸ் ஏறிருவேன். செவப்புன்னா இப்படியே இருந்துக்கறது. ஒண்ணுல வெள்ளை, ஒண்ணுல செவப்பு, கருப்பணசாமி மேல சத்தியமா. ஆனா கேக்கறவன் எடுக்கப்படாது. ஒட்டொறவு இல்லாத ஆளு எடுக்கோணும். ஊருக்குள்ள ஒருத்தனும் இந்தப் பக்கம் எட்டிப் பாக்கறதில்லை. தெனமும் காத்தால பூவை மாத்திப் புதுசாக் கட்டி வெச்சுட்டு ரோட்டைப் பாத்துட்டு உக்காந்திருக்கறேன். இன்னைக்கு நீங்க வந்தீங்க.

உங்க சிநேகிதரு கேள்விக்குப் பூவே வேண்டாங்க. நம்பாதீங்கன்னு சொல்லுங்க. சீட்டுப் போடற கையை நம்மளால பாக்க முடியாத எடத்துல உக்காரப்படாதுன்னு நான் சொன்னதாச் சொல்லுங்க. தட்டுல ஒண்ணும் போட வேண்டாம். எனக்கு ஒரு பொட்டலம் எடுத்துக் குடுத்தாப் போதும்.

எந்திரிங்க. இப்படி வாங்க. கண்ணை மூடிட்டுத்தான் கட்டுனேன், ஆனா பழக்க தோசம் பாருங்க, வெள்ளை வெச்ச பொட்டலத்துல மட்டும் ரெண்டு முடிச்சு விழுந்திருக்குது. அதை நீங்க கண்டுக்காதீங்க. நானும் அந்தப் பக்கம் பாக்கலை, வேப்பமரத்தைத்தான் பாக்கறேன். உங்க கை எதுக்குப் போகுதோ அதை எடுங்க. சாமி உட்ட வழி.

தம்பி. அந்த ரெட்டை முடிச்சு வேண்டாங்க. மத்ததை எடுங்க.